பின்பலகை

வானொலி மறையுரை – ஆண்டின் பொதுக்காலம் 12-ஆம் ஞாயிறு
வாசகங்கள்: யோபு 38:1, 8-11, 2 கொரிந்தியர் 5:14-17, மாற்கு 4:35-41



ஞாயிறன்றும் ஷிப்டுக்குப் போக ஓசூர் சாலையில் பேருந்துக்குக் காத்திருப்போரே, இரவு வேலை முடித்து வந்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்போரே, எலத்தகிரியிலும் கந்திகுப்பத்திலும் மத்திகிரியிலும் அடுப்படி வேலைக்கு நடுவே காது கொடுக்கும் தாய்மாரே, இன்றைய சிந்தனையை எங்கள் பங்கின் தொழிலாளர் குழுவில் உள்ளவர்கள் சேர்ந்து தயாரித்தோம். ஆகவே இதில் வருகிற 'நாங்கள்' உண்மையாகவே நாங்கள்தான். எங்கள் தவறும் இதில் இருக்கிறது.

இன்றைய நற்செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மாலை நேரம். ஆண்டவர் சீடர்களோடு அக்கரைக்குப் புறப்படுகிறார். புயல் அடிக்கிறது, படகில் தண்ணீர் நிரம்புகிறது. சீடர்கள் அலறுகிறார்கள். ஆண்டவரோ தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் எந்த இடத்தில் படுத்திருந்தார் என்பதை மாற்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார். படகின் பின்பக்கத்தில், தலைக்கு ஓர் அணை வைத்துக்கொண்டு படுத்திருந்தாராம். அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காரர்களாகிய நமக்குப் படகு என்றால் பரிசல்தான். கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிப்பவர்கள் பரிசலில் போவதைப் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல்லில் ஏறியும் இருக்கிறோம். பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடலில் போகும் ஃபைபர் வள்ளம் அப்படி அல்ல. முன்பக்கம் அணியம், கூராக அலையைக் கிழிக்கும். பின்பக்கம் தட்டையாக வெட்டி நிறுத்திய ஒரு பலகை. அந்தப் பின்பலகையில்தான் இன்ஜினை மாட்டுகிறார்கள். இன்ஜினின் எடை முழுவதும் அதன்மேல். அதைவிட முக்கியம், விசிறி சுழன்று வள்ளத்தை முன்னே தள்ளுகிறதே, அந்தத் தள்ளு விசை முழுவதும் அந்தப் பலகை வழியாகத்தான் வள்ளத்துக்குப் போகிறது. அணியத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள், பெயர் எழுதுவார்கள், திருநாளில் மாலை போடுவார்கள். பாரம் சுமப்பது பின்பலகை.

நம் பங்கில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் சில உண்டு. சிப்காட் வந்த பிறகு நாலா ஊரிலிருந்தும் ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள்தானே நாம். அப்படி வந்த ஒரு தம்பி, இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊரில் அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னமும் கடலுக்குப் போகிறார். துடுப்புப் போட்டுக் கஷ்டப்படுகிறாரே, பழைய இன்ஜின் பாதி நாள் ஓடுவதில்லையே என்று, தம்பி மாதத் தவணையில் ஒரு புது இன்ஜின் வாங்கிக் கொடுத்தார். பழையதைவிட அதிக சக்தி, அதிக எடை. மகன் சம்பாதித்துக் கொடுத்தது என்று ஊரெல்லாம் பேச்சு.

ஒரு விடியற்காலை. பெரியவரும் பதினைந்து வயதுப் பேரனும் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் 'சடக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இன்ஜின் சாய்ந்து நிற்கிறது. போல்ட்டுகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. பேரன் பாய்ந்து கயிற்றைப் போட்டு இன்ஜினைக் கட்டினான். கடல் அன்று அமைதியாக இருந்தது. இரண்டு பேரும் துடுப்பு வலித்து மதியத்துக்குக் கரை சேர்ந்தார்கள். அந்த அமைதிக்காக அந்த வீட்டில் இன்றுவரை நன்றி சொல்லிச் செபிக்கிறார்கள்.

கடந்த மே மாதம் நாங்கள் ஐந்து பேர் அந்தத் தம்பியோடு ஊருக்குப் போனோம். வியாழன் மாலை ஓசூரில் நாகர்கோவில் ரயில் ஏறி, மறுநாள் காலை இறங்கினோம். வெள்ளி, சனி இரண்டு நாள் விடுப்பு, ஞாயிறு வார விடுமுறை, திங்கள் முதல் ஷிப்டு. இதுதான் கணக்கு. எங்களில் ஒருவர் மோல்டிங் பிரிவில் ஃபைபர் வேலை தெரிந்தவர். ஒருவர் தச்சர். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை.

வெளியே பார்த்தால் பலகைக்கு ஒன்றும் இல்லை. பளபளவென்று நீல வண்ணம். தச்சர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்டது. நடுவே வந்ததும் 'தொப் தொப்' என்றது. மெல்லிய துளை போட்டுப் பார்த்தார். நல்ல மரம் என்றால் வெளிறிய, உலர்ந்த தூள் வரும். வந்தது கறுத்த ஈரச் சேறு.

பிறகு உள்பக்கத்து ஃபைபர் தோலை கிரைண்டரால் வெட்டி எடுத்தோம். வெளித் தோலை அப்படியே விட்டோம், புதுப் பலகைக்கு அதுதான் அச்சு. உள்ளே பிளைவுட் இருக்க வேண்டிய இடத்தில், ஊறிய காப்பித்தூள் போல ஒன்று இருந்தது. கரண்டியால் அள்ளினோம்.

சகோதரர்களே, இது எப்படி நடந்தது என்று கவனியுங்கள். உலர்ந்த மரம் மக்காது. காற்றே புகாமல் சேற்றுக்குள் புதைந்த மரமும் எளிதில் மக்காது. ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் பூஞ்சை வளர்ந்து மரத்தைத் தின்னும். இன்ஜினை மாட்டப் போட்ட போல்ட் துளைகள், தண்ணீர் வடியப் போட்ட துளை, இவற்றின் ஓரத்தில் பூச்சு சரியாக இல்லை. அதன் வழியே சொட்டுச் சொட்டாக ஈரம் இறங்கியது. ஃபைபர் தோல் இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் உள்ளே போன ஈரம் வெளியே வரவில்லை. தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டிய தோலே தண்ணீரை உள்ளே பூட்டி வைத்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். மரத்தை மக்க வைப்பதில் உப்புக் கடல் நீரைவிட மழைத் தண்ணீருக்கே வேகம் அதிகம். வள்ளத்தைக் கெடுத்தது பெரிய அலை அல்ல. கரையில் சும்மா நிற்கும்போது தேங்கிய மழை.

வெள்ளி மாலை இன்னொரு சங்கடம் தெரிந்தது. மக்கல் பின்பலகையோடு நிற்கவில்லை. அதைத் தாங்கி வள்ளத்தின் அடியில் நீளமாக ஓடும் கட்டைகளிலும் ஒரு முழம் போல ஏறியிருந்தது. அதையும் வெட்ட வேண்டும். வெட்டினால் வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும், ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. ஞாயிறு ரயிலைப் பிடிக்க முடியாது.

அன்றிரவு ஓலைப் பந்தலில் உட்கார்ந்து நாங்கள் பேசியதை இப்போது மறைக்காமல் சொல்கிறோம். "பலகையை மட்டும் மாற்றுவோம். கட்டையில் மேலாக ரெசின் ஊற்றி மூடிவிடலாம். ஒரு வருஷம் தாங்கும். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்." இதைச் சொன்னது ஒருவர், தலையாட்டியது ஐந்து பேரும். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். பழுதான பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டுகிற கை அது. அந்தக் கையும் அன்று மூடிவிடலாம் என்றுதான் சொன்னது.

பந்தலுக்கு வெளியே கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து கிளாசுகளை வைத்தார். "மக்கா, நீங்க ரயில் ஏறிப் போயிருவீங்க. இதுல ஏறிப் போறது இவரும் எம் பேரனுமாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியவர்தான் வாயைத் திறந்தார். "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் மக்களே. தட்டிப் பாத்திருக்கேன். மக கல்யாணம், கடன். அதான் கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் பெயிண்ட் அடிச்சேன். இவன் புது இன்ஜின் கொண்டாந்தப்ப சொல்லியிருக்கணும். ஆசையாக் கொண்டாந்தானே, வாய் வரல."

மகன் தலை குனிந்தபடி, "நானும் பாக்கலப்பா. வந்தேன், இன்ஜினோட நின்னு போட்டோ எடுத்தேன், போயிட்டேன். பலகையைத் தொட்டுக்கூடப் பாக்கல" என்றார்.

அன்பார்ந்தவர்களே, ஒரு நல்ல பாவசங்கீர்த்தனத்தை நாங்கள் அன்று அந்தப் பந்தலில் கேட்டோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தெரிந்தும் மூடினேன் என்றார் ஒருவர். பார்க்காமல் போனேன் என்றார் இன்னொருவர். மூடிவிடலாம் என்று பார்த்தோம் என்று நாங்களும் சொன்னோம். அதன் பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது.

சனிக்கிழமை கெட்ட கட்டைகளை நல்ல மரம் தெரியும் வரை வெட்டினோம். ஒரு விரலளவு நல்ல மரம் போனாலும் பரவாயில்லை, ஒரு நகமளவு கெட்டது உள்ளே நிற்கக்கூடாது என்பது தச்சரின் பேச்சு. ஞாயிறு அந்த ஊர்க் கோவிலில் திருப்பலி கண்டோம். வள்ளம் வெயிலில் காய்ந்தது. அட்டையில் அளவு வெட்டி, கடல் பிளைவுட் வாங்கினோம். 710 என்ற இந்தியத் தர எண் போட்டது. அந்த முத்திரை கிடைக்க வேண்டுமானால், மாதிரித் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் போட்டாலும் அடுக்குப் பிரியக்கூடாது. திங்களன்று இரண்டு பலகைகளை ரெசினும் ஃபைபர் மேட்டும் வைத்து ஒன்றாக ஒட்டி, இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தோம். புதுக் கட்டைகளையும் சேர்த்தோம். செவ்வாயன்று மேலே ஃபைபர் அடுக்குகள் போட்டோம். கடைசி வேலை துளைகள். போல்ட்டுக்கு வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, அதை ரெசினால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இனி அந்தத் துளையில் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. பழுது எங்கே ஆரம்பித்ததோ, அங்கேயே காவல் வைத்தோம்.

செவ்வாய் மாலை ரயில் ஏறினோம். ஒப்பந்தத் தொழிலாளியான அந்தத் தம்பிக்கு இரண்டு நாள் கூலியும் அந்த மாத வருகைப் போனஸும் போயின. நாங்கள் பகிர்ந்து கொடுத்தோம். வாங்க மறுத்தார். கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டார். மனம் மாறுவதற்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுக்கத்தான் வேண்டும் என்பதை அங்கே கண்டோம்.

அந்தக் கடற்கரைக்கும் திருச்சபைக்கும் படகு வழியாக ஒரு பழைய உறவும் இருக்கிறது. பெரிய மரங்கள் அரிதாகி, கட்டுமரத்துக்கும் குடைந்த வள்ளத்துக்கும் விலை ஏறிய காலம். 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில், கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பினுடைய படகுத் தளத்தில், பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, ரெசினால் ஒட்டிப் புதிய வள்ளங்களைச் செய்து பார்த்தார்கள். அந்த முயற்சியில் ஈடுபட்டவர்களில் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த பியேர் ஜில்லே ஒருவர். அந்த அனுபவத்தை அவர் 1985-இல் நூலாக எழுதியபோது, 'சிறியது கடினமானது' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். சின்னப் படகைச் சரியாகச் செய்வது பெரிய கப்பல் செய்வதைப் போலவே கடினம்தான். சின்ன ஆன்மாக்களாகிய நம்மைச் சரிசெய்வதும் அப்படித்தான்.

இன்னொரு படகையும் நினைத்துக்கொள்வோம். 1986-இல் கலிலேயாவில் கடும் வறட்சி. ஏரியின் தண்ணீர் வற்றியபோது, கினோசார் அருகே சேற்றில் ஒரு பழைய படகை இரண்டு சகோதரர்கள் கண்டார்கள். ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம். ஆய்வாளர்கள் அதை நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய படகு என்கிறார்கள். காற்றுப் புகாத சேற்றில் இருந்ததால் இரண்டாயிரம் ஆண்டுகள் மக்காமல் கிடந்திருக்கிறது. ஆண்டவர் ஏறிய படகு அதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் பத்துப் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. கெட்ட இடத்தை வெட்டி எடுத்து, கையில் கிடைத்த மரத்தை வைத்து, திரும்பத் திரும்பப் பழுது பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். பேதுருவும் யோவானும் பிழைத்த உலகம் அதுதான். ஆண்டவர் தலை சாய்த்துத் தூங்கியது, புத்தம் புதுப் படகில் அல்ல, பலமுறை ஒட்டுப் போட்ட ஏழைகளின் படகில்தான் என்று நினைத்துக்கொண்டால் நமக்கு ஆறுதலாக இல்லையா?

இன்றைய முதல் வாசகத்தில் கடவுள் யோபுவிடம், கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டது யார் என்று கேட்கிறார். நம்முடைய கதவு ஒன்றும் நமக்கு நினைவிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. நிறைந்திருந்த அணையிலிருந்து தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்து போனதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நம்மில் உண்டு. துருப்பிடித்த இரும்பு, தண்ணீர் குறைவாக இருக்கும்வரை தாங்குவது போல் தெரியும். அணை நிறையும்போதுதான் உண்மை வெளிவரும். உடைந்த ஒன்றோடு நிறுத்தாமல் பின்னர் மற்ற மதகுகளையும் மாற்றினார்கள். அதுதான் அறிவு.

அந்தப் பெரியவரின் வள்ளமும் பழைய இன்ஜினோடு இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அன்போடு கொடுத்த பெரிய இன்ஜின்தான் பலகையைப் பிய்த்தது. நம் வீடுகளிலும் அப்படி நடக்கிறதே! பிள்ளைக்குப் பெரிய கல்லூரி, வீட்டுக்குப் பெரிய கடன், வெளிநாட்டு வேலை, ஆடம்பரக் கல்யாணம் என்று சக்தி கூடிய இன்ஜின்களை மாட்டிக்கொண்டே போகிறோம். அதைத் தாங்க வேண்டிய பலகையை, கணவன் மனைவி பேச்சை, பெற்றோர் பிள்ளை நம்பிக்கையை, குடும்பச் செபத்தை யாராவது தட்டிப் பார்த்தோமா? ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். அம்மாவின் குரல் 'டக்' என்று இருக்கிறதா, 'தொப்' என்று இருக்கிறதா என்று கேட்கிறோமா?

இரண்டாம் வாசகத்தில் தூய பவுல், கிறிஸ்துவோடு இணைந்தவர் புதுப் படைப்பு, பழையது கழிந்துபோயிற்று என்று கற்பிக்கிறார். புதுப் படைப்பு என்பது புது வண்ணம் அல்ல. வண்ணம் அடிக்க அரை நாள் போதும். பழையதை வெட்டி எடுக்கவும், உலர வைக்கவும் நாள் பிடிக்கும், கூலி போகும், வெட்கமும் இருக்கும். ஆனாலும் வள்ளம் முழுவதையும் நாங்கள் எரித்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். அணியம் அதேதான், பக்கங்கள் அதேதான், அதன் பெயரும் அதேதான். கெட்டது மட்டும் போயிற்று. ஆண்டவரும் நம்மைத் தூக்கி எறிவதில்லை.

எனவே இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்வோம். நீங்கள் பல நாளாகத் தெரிந்தும் மேலே வண்ணம் அடித்து வைத்திருக்கிற ஓர் இடம் இருக்கும். வீட்டில் சொல்லாத கடனாக இருக்கலாம். மறைத்துக் குடிக்கிற குடியாக இருக்கலாம். அண்ணன் தம்பி பேசாமல் போன ஆண்டுகளாக இருக்கலாம். அதைப் பற்றி ஒருவரிடமாவது வாய் திறப்போம். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போவோம். உங்களிடம் யாராவது வந்து அப்படி வாய் திறந்தால், அந்த அம்மாவின் பிள்ளையைப் போல நீங்களும் தலை குனிந்து, 'நானும் பார்க்கவில்லை' என்று சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் கடலுக்குப் போகிறார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பேரன் சின்னச் சுத்தியலோடு போய்ப் பின்பலகையைத் தட்டிப் பார்க்கிறானாம். தாத்தாவே சுத்தியலை எடுத்துக் கொடுக்கிறாராம்.

செபிப்போமாக. எங்கள் படகின் பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆண்டவரே, நீர் தலை சாய்க்கும் இடம் மக்கிப் போகாதபடி எங்களைத் தட்டிப் பாரும். கெட்டதை எடுக்கும்போது வலித்தாலும் பொறுத்துக்கொள்ளும் மனதைத் தாரும். கடலில் தொழில் செய்வோரையும் எந்திரங்களோடு தொழில் செய்வோரையும் காத்து, ஒவ்வொரு நாளும் பத்திரமாக வீடு கொண்டு வந்து சேர்ப்பீராக. ஆமென்.